மேல்மாடி ரூம் சுவர்ல கோடு கோடா சூடு: பொக்ஸ் பார் பிரேமுக்குள்ள ரெஜிபோம் வச்சும் ஏன் இப்பிடி?

கூரைக்குக்_கீழ:
வணக்கம் எல்லாருக்கும். கொழும்பு வெள்ளவத்தை, காலி வீதிக்குக் கடல் பக்கம் எங்கட வீடு. போன வருசம் ஸ்லாப்புக்கு மேல ஒரு ரூம் போட்டனாங்கள், மகள் ஏ.எல் படிக்கிறாள், கீழ ஒரே சத்தம். கல்லு வச்சுக் கட்டினா பழைய ஸ்லாப்புக்குப் பாரம் கூடும் எண்டு இன்ஜினியர் சொன்னபடியால இரும்பு பிரேம்தான். 2 இஞ்சி ஜிஐ பொக்ஸ் பார் (துத்தநாகம் பூசின, உள்ள வெறுமையான சதுர இரும்புக் குழாய்), 2 அடிக்கு ஒண்டு நிமிர்த்தி வெல்ட் பண்ணி, இடையில 50 மில்லி ரெஜிபோம் (தெர்மோகோல்) ஷீட்டை இறுக்கி அடைச்சு, வெளிய சீமெந்து போர்ட், உள்ள ஜிப்சம் போர்ட். ரூம் 14க்கு 12, உயரம் 9 அடி. 14 அடிச் சுவர் நேர மேற்க பாக்குது, அதில 4க்கு 5 கண்ணாடி ஜன்னல் ஒண்டு, கடல் தெரியும் எண்டு ஆசைப்பட்டு வச்சது. மேல தகரம், கீழ 5 மில்லி போயில் போம் (மினுங்கிற அலுமினியத் தாள் ஒட்டின போம்), பிறகு சீலிங். ஏசி 12,000 பிடியு.

பிரச்சினை என்னெண்டா பின்னேரம் நாலு மணிக்கு அந்த மேற்குச் சுவர்ல உள்ளங்கையை வச்சுக் கொண்டு இடமிருந்து வலமா நடந்தா, ஆறின இடம், சூடான கோடு, ஆறின இடம், சூடான கோடு எண்டு வருது. சரியா 2 அடிக்கு ஒண்டு, பொக்ஸ் பார் நிக்கிற இடம். கொரோனா நேரம் நெத்தியில பிடிச்சுப் பாத்த அந்த காய்ச்சல் துவக்கு வீட்டில கிடந்தது, அதை சர்பேஸ் மோட்ல போட்டுப் பாத்தன், நடுவில 31, கோட்டில 36. ஏசி 22ல போட்டும் ஆறு மணி வரைக்கும் ரூம் குளிராது. கரண்ட் பில்லில 180 யூனிட்டை எப்பவோ தாண்டியாச்சு, மேல் படி ரேட்டில தான் ஓடுது.

இன்னொரு விசயம், கீழ ஸ்கேர்ட்டிங் பக்கமா ஒரு மணம் வருது. நனைஞ்ச அரிசிச் சாக்கு மாதிரி. மழை ஒழுக்கு இல்லை, பாத்திட்டன். கனடாவில இருக்கிற அத்தான் சொல்லி ஜிப்சம் போர்டுக்குப் பின்னால பொலித்தீன் விரிச்சுத்தான் அடிச்சது, அப்ப ஈரம் எப்பிடி வரும்?

உள்பக்கத்தால இன்னொரு பிரேம் அடிச்சு இன்னொரு 50 மில்லி ரெஜிபோம் வைக்கச் சொல்லி ஒராள் சொல்றார். ரூம் சின்னனாப் போகும். செய்யலாமோ?

கரண்ட்பில்_கண்ணீர்:
கடல் தெரிய மேற்கால ஜன்னல் வச்சீங்க, கடலோட சேத்து சூரியனும் தெரியும் தானே அண்ணை 😄 பாக்கிறதுக்கும் சேத்துத்தான் பில் வருது

பொக்ஸ்_பார்_பாஸ்:
நான் இந்த வேலைதான் செய்யிறேங்க, தெமட்டகொட, கொலன்னாவ பக்கம் நெறைய ரூம் போட்டிருக்கேன். 50 மில்லி பத்தாதுங்க. 3 இஞ்சி பார் போட்டு 75 அடைச்சிருக்கணும். நீங்க காசு மிச்சம் புடிக்கப் போய் வந்த வேலை இது, கட்டின பாஸ் (மேஸ்திரி) மேல கோவப்படாதீங்க. இப்ப உள்ளுக்கு இன்னொரு 50 அடிச்சிட்டா சரியாப் போகும்.

ஸ்காபரோ_குளிர்:
மன்னிக்கோணும், பாஸ் சொல்றது பிழை. நான் இங்க ரொறன்ரோவில ஸ்டீல் ஸ்டட் (சுவருக்குள்ள நிமிர்ந்து நிக்கிற தகட்டுக் கம்பி) வேலை 19 வருசமா செய்யிறன், இதே சண்டையை சைட்டில எத்தினை தரம் பிடிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. தம்பி, உங்கட கையே பதிலைச் சொல்லிப் போட்டுது. சூடு ரெஜிபோமுக்கால வரேல்லை, கம்பிக்கால வருது.

சும்மா பேச்சில்லாமல் கணக்காப் பாருங்கோ. இரும்பு சூட்டைக் கடத்திற எண் 50 அளவில. பைன் பலகை 0.12. ரெஜிபோம் 0.037. அதாவது ரெஜிபோமை விட இரும்பு 1300 மடங்குக்கு மேல. இப்ப உங்கட பொக்ஸ் பார். பாக்க 2 இஞ்சி அகலம், ஆனா உள்ள வெறும் காத்து, வெளியில இருந்து உள்ளுக்கு சூட்டைக் கொண்டு வாறது ரெண்டு பக்கத் தகடும் தான், 1.6 மில்லித் தகடு எண்டா ரெண்டும் சேத்து 3.2 மில்லி. 2 அடியில, அதாவது 610 மில்லியில, 3.2 எண்டா அரை வீதம். அரை வீதம் தானே எண்டு விட்டிடுவம், அங்கதான் எல்லாரும் சறுக்கிறது. அந்த அரை வீதத்தை 50 ஆல பெருக்கினா 0.26 வருது, மிச்ச 99.5 வீதமும் ரெஜிபோம், அதுக்கு 0.037. அப்ப அரை வீத இரும்பு, முழு ரெஜிபோமும் சேர்ந்து கடத்திறதை விட ஏழு மடங்கு கடத்தத் தயாரா நிக்குது. நல்ல காலம் நிசத்தில அவ்வளவு வராது, ஏனெண்டா சூடு போர்டுக்குள்ளால பக்கவாட்டா ஓடி வந்து தான் அந்த மெல்லிய தகட்டைப் பிடிக்கோணும், போர்ட் அவ்வளவு ஓட விடாது. அப்பிடி இருந்தும் பாதி ரெஜிபோமின்ட வேலை வீணாப் போகும்.

இங்க ஆஷ்ரே 90.1 எண்ட கட்டட சக்தித் தரத்தில இதுக்கு அட்டவணையே இருக்கு. ஆர் எண்டா சூட்டை மறிக்கிற அளவு, எண் கூடினா நல்லம். மூண்டரை இஞ்சி ஸ்டீல் ஸ்டட், 16 இஞ்சிக்கு ஒண்டு, இடையில ஆர்-13 பஞ்சு அடைச்சா, சுவருக்குக் கிடைக்கிறது ஆர்-6 தான். சரி தடிப்பைக் கூட்டுவம் எண்டு 6 இஞ்சி ஸ்டட் போட்டு ஆர்-19 அடைச்சா? 7.1. ஆர் அளவில 6 கூட்டக் காசு குடுத்து ஒண்டு சொச்சம் வாங்கிறது. ஸ்டட்டை 24 இஞ்சிக்குத் தள்ளி வச்சா அதே ஆர்-13க்கு 7.2 வரும், ஒரு சதம் செலவில்லாமல்! பாஸ் சொல்ற 3 இஞ்சி பார், 75 மில்லியும் இதே கதைதான். கம்பி இருக்கிற இடத்தில கம்பி இருக்கும்.

செய்ய வேண்டியது பிரேமுக்கு மேலால, முழுச் சுவரையும் மூடி, வெட்டு இல்லாமல் ஒரு போர்வை. 25 மில்லி போதும். வெளிப்பக்கத்தால. அதை மேல வைக்கேக்க இன்னொரு பிழை விடுவினம், அந்த போர்வையைப் பிடிக்க திரும்ப இசட் வடிவத் தகடை நீளத்துக்கு அடிப்பினம், பிறகு அதுக்கு மேல கிளாடிங் (வெளி மூடல் போர்ட்). அப்ப போர்வைக்குள்ளால திரும்ப இரும்பு போகுதே ராசா! ஸ்க்ரூ மட்டும் போகோணும், தகடு போகக் கூடாது.

உள்ளுக்குப் பொலித்தீன் போட்டது சரி, அது கட்டாயம். உங்கட அத்தான் விசயம் தெரிஞ்சவர்.

கோல்ட்ரூம்_நானா:
ஸ்காபரோ அண்ணன் சொன்ன எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் பிழை. அந்தப் பொலித்தீன் தான் ஒங்கட மணம். நாளைக்கே ஒரு மூலையைக் கழட்டிப் பாருங்க, நான் பெட் கட்டுறன்.

நான் பேலியகொட, வத்தளை பக்கம் கோல்ட் ரூம் வேலை, மீன், ஐஸ்கிரீம் ரெண்டும். அங்க சாண்ட்விச் பேனல் தெரியும் தானே, ரெண்டு பக்கமும் அரை மில்லித் தகடு, நடுவுல பியு (பொலியுரத்தேன்) போம், பிரீசருக்கு 100 மில்லி போடுற. உள்ள மைனஸ் 18, வெளிய 30, வித்தியாசம் 48 டிகிரி ஈக்கி. அந்த வித்தியாசத்துல இரும்பு ஒரு ஊசி அளவு உள்ள போனாலும் காட்டிக் குடுக்கும். ஒரு எடத்துல லைட் தொங்கவிட ஒரு கூலிப் பொடியன் சீலிங் பேனல்ல நேரா ஒரு அரை இஞ்சி இரும்பு போல்ட்ட அடிச்சி உட்டான். ரெண்டு கிழம கழிச்சி போனா, உள்ள போல்ட் நுனியில ஆனத் தந்தம் மாதிரி ஐஸ் தொங்குது, வெளிய போல்ட் தலையில இருந்து டக் டக்கென்டு தண்ணி சொட்டிச் சொட்டி கீழ ஒரு டின் வச்சீக்காங்க. வெளிய தானே சூடு, அங்க ஏன் தண்ணி என்டு கேட்டா, பலூடா கிளாஸ் வெளிப்பக்கம் வேர்க்குதே அதே கததான். அந்த போல்ட்ட கழட்டிட்டு நைலோன் போல்ட் போட்டம், ரெண்டும் நின்டுச்சி. கோல்ட் ரூம்ல பேனல் தொங்கவிடுறதுக்கு நைலோன் போல்ட் வாறதே இதுக்குத்தான்.

இப்ப பொலித்தீன் கத. கொழும்புக் காத்து 30 டிகிரி, ஈரம் 75 வீதம் என்டு வைங்க, அது 25 டிகிரிக்குக் கீழ ஈக்கிற எதுல பட்டாலும் தண்ணியாகும். ஒங்கட ஏசி 22. ஜிப்சம் போர்டும் அதுக்குப் பின்னால பொலித்தீனும் 23 அளவுல ஈக்கும். வெளிக்காத்து சீமெந்து போர்ட் ஜொயின்டால, ரெஜிபோம் ஓரத்தால மெல்ல உள்ள வந்து பொலித்தீன்ட முதுகுல பட்டு வேர்க்குது. பொலித்தீன் இல்லாட்டி அந்த ஈரம் ஜிப்சத்தால ரூமுக்குள்ள வந்து ஏசி தண்ணியோட போயிடும், பொலித்தீன் ஈக்கிறதால போக வழியில்ல, கீழ வடியுது. கோல்ட் ரூம்ல நாங்க ஜொயின்ட்டுக்கு சிலிக்கன் அடிக்கிறது முதல்ல வெளிப்பக்கம், சூடான பக்கம். உள்ள மட்டும் அடிச்சி வெளிய உட்டா ஜொயின்டுக்குள்ள ஐஸ் கட்டி பேனலே விரியும்.

கூரைக்குக்_கீழ:
நானா, பெட்டில நீங்கள் வெண்டிட்டீங்கள் 😔

இண்டைக்குக் காலமை ஜன்னலுக்குக் கீழ ஒரு போர்ட்டைக் கழட்டினன். ஸ்க்ரூவைத் திருப்பேக்கயே தெரிஞ்சுது, கடைசி நாலு இஞ்சி ஜிப்சம் பிஸ்கற் தேத்தண்ணிக்குள்ள தோய்ச்ச மாதிரி, விரலை வச்சா உள்ள போகுது. போர்டை எடுத்தா பொலித்தீன்ட பின்பக்கம் முழுக்க முத்து முத்தாத் தண்ணி. சும்மா விரலால ஒரு கோடு இழுத்தன், வடிஞ்சு கீழ்ப் பாருக்குள்ள போச்சு. கீழ்ப் பார்ல வெல்ட் பிடிச்ச இடமெல்லாம் மண்ணிறம், ரெஜிபோமை வெளிய இழுத்தா அதுக்குள்ள கட்டெறும்பு கூடு கட்டியிருக்கு, வெள்ளைத் தூள் அள்ளு கொள்ளையாக் கொட்டிச்சு. மகள் பாத்திட்டு "அப்பா, இது என்ட ரூமா, அதுகின்ட ரூமா" எண்டு கேக்கிறாள்.

அத்தானுக்குப் போட்டோ அனுப்பினன். "இங்க எல்லாரும் இப்பிடித்தான் போடுறது" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ், பிறகு சத்தமில்லை.

ஸ்காபரோ_குளிர்:
நான் தோத்திட்டன், ஒத்துக் கொள்ளுறன். நானாவுக்கு நன்றி. யோசிச்சுப் பாத்தா விதி ஒண்டுதான், தடுப்புச் சூடான பக்கம் இருக்கோணும். இங்க தை மாதம் வெளிய மைனஸ் 20, உள்ள 21. ஈரம் உள்ளதான், சமையல், குளிப்பு, ஆக்கள் விடுற மூச்சு. அது சுவருக்குள்ள போய் குளிரில படாமல் மறிக்கத்தான் உள்பக்கம் பொலித்தீன். கொழும்பில ஏசி ரூமுக்கு எல்லாம் தலைகீழ். நான் கொழும்பை விட்டு வரேக்க ஏசி இருந்தது வங்கியிலயும் தியேட்டரிலயும் தான், வீட்டுச் சுவருக்குள்ள வேர்க்கும் எண்டு ஆர் கண்டது. தம்பின்ட அத்தானைத் திட்டாதேங்கோ, அவருக்கும் எனக்கும் ஒரே வருத்தம்.

இங்க அதே கம்பி என்ன செய்யும் தெரியுமோ, பழைய கொண்டோக்களில (அடுக்குமாடி வீடுகளில) வெள்ளைச் சுவர்ல 16 இஞ்சிக்கு ஒண்டு சாம்பல் கோடு விழும். பேய்க் கோடு எண்டு சொல்லுவம். கம்பி நிக்கிற இடம் குளிர், அங்க தூசு போய் ஒட்டும். பெயின்ட் அடிச்சாலும் ரெண்டு மாரிக்குப் பிறகு திரும்ப வரும். சுவீடன், பின்லாந்துப் பக்கம் ஸ்டட் தகட்டிலயே வரிசை வரிசையா நீள வெட்டு வெட்டி விடுவினம், சூடு நேர போகேலாமல் வெட்டுகளைச் சுத்திச் சுத்திப் போகோணும், வழி நீண்டா வேகம் குறையும். கெட்டித்தனமான சாமான், ஆனா உங்கட நிண்டு கொண்டிருக்கிற பொக்ஸ் பாருக்கு இப்ப உதவாது.

பொக்ஸ்_பார்_பாஸ்:
சரிங்க, ரெஜிபோம் விசயத்துல நான் சொன்னது தப்புன்னே வச்சுக்கங்க. ஆனா துருவ பத்தி யாரும் பேசலையே. ஜிஐ பார்னா துரு பிடிக்காதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. வெல்டிங் அடிச்ச எடத்துல மேல இருக்கிற நாகம் (துத்தநாகம்) எரிஞ்சு போயிரும், அங்க பச்ச இரும்புதான். தேச்சுட்டு நாகப் பெயின்ட் ரெண்டு கோட் அடிக்கணும், பாதிப் பேரு கறுப்ப மறைக்க சும்மா சில்வர் பெயின்ட் அடிச்சிட்டுப் போயிடுவான். வெள்ளவத்தைல கடல் உப்பு வேற. இப்ப தொறந்து கெடக்கிறப்பவே அத முடிச்சிருங்க. கீழ் பார்ல அங்கங்க சின்ன ஓட்டை போடுங்க, தண்ணி நிக்காம வெளிய போகட்டும்.

கணக்கு_அக்கா:
நல்ல இழை. நான் கட்டட ஏசி டிசைன் செய்யிற ஒபிஸ்ல வேலை, ஒரு கேள்வி கேக்கிறன். எல்லாரும் சுவருக்குள்ளயே நிக்கிறீங்க, மேல ஆராவது பாத்தீங்களா?

அண்ணை தந்த அளவை வச்சு பின்னேரம் மூண்டு, நாலு மணிக்கு ஒரு கணக்குப் போட்டன், கரடுமுரடான கணக்குத்தான்.

மேற்குச் சுவர், ஜன்னலைக் கழிச்சா 10 சதுர மீட்டர். வெயில் பட்டு வெளிப்பக்கம் 50 டிகிரி எண்டு வைப்பம், உள்ள 24. கம்பியே இல்லாத ரெஜிபோம் சுவர் எண்டா 170 வோட்ஸ் வரும். கம்பியால அது ரெட்டிப்பாகுது எண்டு எடுத்தா 340. அப்ப இந்த ரெண்டு நாளா நாங்க சண்டை பிடிக்கிற கம்பின்ட பங்கு 170 வோட்ஸ், மூண்டு பேன் எடுக்கிற கரண்ட் அளவு.

ஜன்னல் 20 சதுர அடி, 1.86 சதுர மீட்டர். மேற்கு வெயில் நேர விழேக்க சதுர மீட்டருக்கு 500, 600 வோட்ஸ் வரும், சாதாரணக் கண்ணாடி அதில எம்பது வீதத்தை உள்ள விட்டிடும். கிட்டத்தட்ட 800 வோட்ஸ். கரண்ட்பில் தம்பி பகிடியாச் சொன்னது தான் உண்மை.

தகரம். கொழும்பு 7 டிகிரி வடக்கில இருக்கு, ஏப்ரல் தொடக்கத்திலயும் செப்டெம்பர் தொடக்கத்திலயும் சூரியன் நேர உச்சிக்கு வரும், மற்ற மாதங்கள்லயும் பெரிசாச் சரியாது. மத்தியானம் தகரம் 60 தாண்டும். உங்கட 5 மில்லி போயில் போம் சூட்டைப் பெரிசா மறிக்காது, அதுவும் தகரத்தோட ஒட்டி இருந்தா அந்த மினுக்கத்துக்கு மேல்பக்கம் ஒரு வேலையும் இல்லை. போயில் வேலை செய்ய அதுக்கு முன்னால ஒரு இஞ்சியாவது காத்து இடைவெளி வேணும், தூசும் படியக் கூடாது. 168 சதுர அடிக் கூரையால 1000 வோட்ஸுக்கு மேல வரும். தலைக்கு மேல ஒரு அயன் பெட்டியைப் போட்டு விட்ட மாதிரி.

12,000 பிடியு எண்டா 3500 வோட்ஸ் சூட்டை வெளிய எடுக்கும். கூரையும் ஜன்னலுமே பாதியைத் திண்டிட்டுது. இப்ப நீங்களே சொல்லுங்க எதில முதல் கை வைக்கோணும்.

ஸ்காபரோ_குளிர்:
தங்கச்சி, கணக்கில பிழை பிடிக்கேலாது. ஆனா கம்பியை அப்பிடி லேசா விடாதேங்கோ. 170 வோட்ஸ் மட்டும் இல்லை, எங்கட குளிர் நாட்டில எண்டா வேர்வையும் கம்பியில தான் துடங்கும்.

கணக்கு_அக்கா:
அது சரி அண்ணை, விடச் சொல்லேல்லை. இங்க ஏசி ரூமில வெயில் படாத சுவருக்கு உள்ளும் வெளியும் வித்தியாசம் 7, 8 டிகிரி தான், உங்களுக்கு 41. அங்க எல்லாச் சுவரையும் போர்க்கோணும், இங்க மேற்குச் சுவரை மட்டும் போர்த்தாக் காணும், மற்ற மூண்டுக்கும் வெளிப்பக்க ஜொயின்டை டேப் அடிச்சு மூடினாலே போதும் எண்டது தான் என்ட கருத்து. நானாட மைனஸ் 18 ரூம் எண்டா நான் உங்கட பக்கம்.

கோல்ட்ரூம்_நானா:
டீச்சர் மாதிரி சொல்லிட்டீங்க 👏 இன்னொன்டு, அந்த காய்ச்சல் துவக்கால வெறும் இரும்ப, போயில பாக்க வாணாம், மினுக்கத்துல பொய் சொல்லும். மேல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு டேப்புல பாருங்க. பெயின்ட் அடிச்ச சுவருக்கு பிரச்சின இல்ல.

ரெஜிபோம்ட நெருப்பு பயத்தையும் மறக்க வாணாம். ரெஜிபோம் சோத்துப் பெட்டிய சுற்றாடலுக்காக 2017ல தட செஞ்சாங்க, சுவருக்குள்ள வைக்கிறத யாரும் கேக்கல. வெல்டிங் வேல ஈந்தா போம் வைக்க முதல்ல முடிச்சிடுங்க, பொறி பட்டா அவ்வளவுதான். நெருப்பு அணைக்கிற கிரேட் என்டு கேட்டு எடுங்க, இல்லாட்டி ரொக்வூல் (கல்லுப் பஞ்சு).

கரண்ட்பில்_கண்ணீர்:
முழு ரூமும் இரும்பு, வயர் அந்த பாருக்குள்ளால தானே போகுது? எர்த் குடுத்தீங்களா? ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா எண்டு பட்டனை அமத்திப் பாருங்க. எங்கட மாமா வீட்டில பார் ஓட்டை விளிம்பு வயரை அறுத்து கதவுப் பிடியில ஷொக். பகிடி இல்லை இது.

கூரைக்குக்_கீழ:
எல்லாருக்கும் அப்டேட். ஆறு கிழமை ஆச்சு, இடையில ஏ.எல் மொடல் பேப்பர், மழை, பாஸ் வராத நாள் எல்லாம் போக.

அக்கா சொன்ன ஒழுங்கில தான் போனன். முதல் ஜன்னலுக்கு வெளியால மூண்டடி நீட்டி ஒரு சாய்ப்பு, அதில இருந்து இறங்கிற மூங்கில் தட்டி. உள்பக்கம் தடிச்ச கேர்ட்டின் போட்டா என்ன எண்டு மனுசி கேட்டா, சூடு கண்ணாடியைத் தாண்டி வந்திட்டா பிறகு அது எங்கட சூடு தான் எண்டு சொல்லிச் சமாளிச்சன். ரெண்டாவது கூரை, சீலிங்குக்கு மேல 50 மில்லி ரொக்வூல் விரிச்சு, தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ட், ரெண்டு பக்க முகட்டிலயும் காத்துப் போக வழி. இந்த ரெண்டோடயே நாலு மணிக்கு ரூமுக்குள்ள போனா முகத்தில அடிக்கிற அந்த வெக்கை போச்சு.

பிறகு தான் மேற்குச் சுவர். பொலித்தீன் முழுக்கக் கிழிச்சு எறிஞ்சாச்சு. எறும்புக் கூட்டையும். பாஸ் ஐயா சொன்ன மாதிரி வெல்ட் எல்லாம் தேய்ச்சு நாகப் பெயின்ட், கீழ்ப் பாரில ஓட்டை. வெளிச் சீமெந்து போர்டுக்கு மேலால 25 மில்லி எக்ஸ்பிஎஸ் ஷீட் (ரெஜிபோமை விட நெருக்கமான போம்), ஆமர் வீதியில நாலு கடை ஏறி இறங்கித்தான் கிடைச்சுது. ஜொயின்ட் எல்லாத்துக்கும் டேப். அதுக்கு மேல குறுக்கால மருந்தடிச்ச பலகைச் சட்டம், ஸ்டெயின்லஸ் ஸ்க்ரூவால பிரேமில பிடிச்சது, ஸ்டெயின்லஸ் சாதாரண இரும்பில மூண்டில ஒரு பங்கு தான் சூட்டைக் கடத்துமாம். சட்டத்துக்கு மேல புது சீமெந்து போர்ட், பின்னால ஒரு இஞ்சி காத்து. உள்பக்கம் புது ஜிப்சம், சாதாரண இமல்ஷன், வோல்பேப்பர் வேண்டாம் எண்டிட்டன்.

துவக்கால பாத்தன். நாலு மணி, நடுவில 28, கோட்டில 29 அரை. கையை வச்சு நடந்தா இப்ப கோடு தெரியேல்லை, கண்ணை மூடிக் கொண்டு நடந்து பாத்தன், மகள் பைத்தியம் எண்டு நினைச்சிருப்பாள். ஏசி 25ல பேனோட ஓடுது. போன மாதம் 310 யூனிட், இந்த மாதம் 235. மழை நாள் கூட இருந்தது, அதால முழுக்க இந்த வேலையின்ட புண்ணியம் எண்டு சொல்லமாட்டன்.

ஒரு இடம் மட்டும் சரிவரேல்லை. ஏசி பைப் சுவருக்குள்ளால போற ஓட்டையைச் சுத்தி ஜிப்சத்தில ஒரு உள்ளங்கை அளவு ஈரம் திரும்ப வந்திட்டுது. பாஸ் உள்பக்கம் வடிவா சிலிக்கன் அடிச்சவர், வெளிப்பக்கம் பாத்தா விரல் போற இடைவெளி.

கோல்ட்ரூம்_நானா:
வெளிப்பக்கம், வெளிப்பக்கம் என்டு நான் கத்தியது இதுக்குத்தான் 😂 பைப்ப சுத்தி ஸ்ப்ரே போம் அடிச்சி, காஞ்ச பொறகு வெட்டி, மேல சிலிக்கன். ஓட்டைய உள்ள இருந்து வெளிய கொஞ்சம் கீழ சாய்ச்சி உடுங்க. பைப்ட கறுப்பு போம் உறை சுவருக்குள்ளயும் அறுபடாம போகுதா என்டும் பாருங்க, அங்க செப்புப் பைப் வெறுமையா ஈந்தா அதுவும் வேர்க்கும்.

பொக்ஸ்_பார்_பாஸ்:
அண்ணே அந்த எக்ஸ்பிஎஸ் எந்தக் கடைன்னு இன்பொக்ஸ்ல சொல்லுங்க. எனக்கும் கொலன்னாவைல ஒரு மேற்குச் சுவர் வேலை வந்திருக்கு, வீட்டுக்காரருக்கு இந்த இழைய காட்டிட்டேன், இப்ப அவரு எனக்கு கிளாஸ் எடுக்கிறாரு.

கூரைக்குக்_கீழ:
அனுப்பிட்டன். ரெண்டரை ஷீட் மிச்சம் கிடக்கு, வந்து எடுத்துக் கொண்டு போங்கோ, படியில வச்சிருக்கு, மனுசி ஏசுறா.